கிளிஞ்சக்கல்லு வீட்டு ஆள்

நாற்பத்தெட்டாம் வருஷம், புரட்டாசிக் கடைசி. அரியலூருக்குக் கிழக்கே, உடையார்பாளையம் போகும் வழியில் உள்ளடங்கிக் கிடக்கும் ஒரு கிராமம் எங்களுடையது. அங்கிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண் பிள்ளைகள் நாலே பேர். நாலு பேரும் சுவரோரம் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். பையன்கள் பக்கம் தலை திரும்பினாலே பெரிய சார் தொண்டையைச் செருமுவார். பெரிய சார் என்றால் எங்கள் தலைமை ஆசிரியர். மகா முன்கோபி. வந்த வேகத்தில் கோபம் போயும் விடும். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். மழைக்கோ வெயிலுக்கோ அவர் அதை விரித்து நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் ஊருக்கு ஏரிதான் சோறு போட்டது. அந்த வருஷம் முதல் மழையிலேயே கரையின் தெற்கு மூலையில் ஓரிடம் உள்வாங்கிவிட்டது. ஐப்பசியில் அடைமழை பிடிப்பதற்குள் அந்த இடத்தை மண் போட்டு நிரப்பிக் கெட்டிப்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் கரை உடைந்து, கீழே இருக்கிற பயிரை அடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ஏரியிலும் தண்ணீர் இருக்காது, வயலிலும் நெல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது மாதா கோயில் வாசலில் வைத்துச் சொன்னார்கள். மற்றத் தெருக்களில் தமுக்கடித்துச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆள் கரைக்கு வர வேண்டும்.

இந்த 'வீட்டுக்கு ஓர் ஆள்' எங்கள் ஊரின் பழைய வழக்கம். ஏரித் தண்ணீர் பாயும் நிலம் யார் யாருக்கு இருக்கிறதோ, அந்த வீடுகளிலிருந்தெல்லாம் ஓர் ஆள் வந்து மண் போட வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பினால் செல்லாது. வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும். மண் போட்ட வீட்டுக்குத்தான் அந்த வருஷம் வயலுக்குத் தண்ணீர் விடும் முறை. ஒரு வீட்டுக்காக வேறு யாராவது மண் போட்டால், அந்த முறை போட்டவருக்குப் போய்விடும். அப்படி ஒரு தடவை கைமாறிய முறை திரும்பி வந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

எங்கள் வீட்டில்தான் ஆள் இல்லை. அப்பா அந்தத் தை மாதம் காய்ச்சலில் போய்விட்டார். மிச்சம் அம்மா, நான், இடுப்பை விட்டு இறங்காத என் தங்கை. இருந்தது ஒரு துண்டு நிலம். அதை நம்பித்தான் மூன்று வயிறுகள். என் படிப்பும் அதை நம்பித்தான் இருந்தது. எட்டாவது தேறிவிட்டால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம், போனால் வேலை நிச்சயம் என்று மாதா கோயில் சாமியார் அம்மாவிடம் சொல்லியிருந்தார். நிலத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் நாங்கள் ஊரைவிட்டு மாமா வீட்டுக்குப் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஊரில் பள்ளிக்கூடமே கிடையாது.

என் சித்தப்பாவின் நிலம் எங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சித்தப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நிலத்தைக் கண்டால் மட்டும் கொஞ்சம் கெட்டவர். ஞாயிறு சாயங்காலமே வந்து வாசலில் நின்றார்.

"நீங்க ஏன் அண்ணி கவலப்படுறீங்க? ஒங்க வூட்டுக்கும் சேத்து நானே மண்ணு போட்டுடறேன்."

அம்மா அவசரப்படவில்லை. "வேணாம் தம்பி. எங்க வூட்டு மண்ண நாங்களே போட்டுக்கறோம்" என்றார்.

"யாரு போடுவா?" என்று கேட்டார் சித்தப்பா. நியாயமான கேள்விதான். கணவனை இழந்தவள் கை வைத்த மண்ணில் கரை நிற்காது என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கம் இருந்தது. அம்மா கரையோரம் போனாலே கூச்சல் போட்டிருப்பார்கள்.

"நான் போடறேன்" என்றேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அம்மா சிரிக்கவில்லை. "பெரிய சார் லீவு குடுத்தாப் போ. குடுக்கலன்னா பள்ளிக்கூடத்த விட்டு அசையக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது. நான் சம்பளம் கட்டாமல் படிக்கிற பிள்ளை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் பெரிய சார் மேடை ஏறினார். சுதந்திரம் வந்த புதிது அல்லவா, படிக்கிற பிள்ளைகள் ஊர்க் காரியங்களிலும் பங்கெடுத்துக்கொள்ள வேண்டும், அதற்காக வகுப்பிலிருந்து விடுப்புக் கொடுக்கலாம் என்றெல்லாம் அப்போது பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. பெரிய சாருக்கு அதில் ரொம்ப ஈடுபாடு. ஏழு, எட்டு வகுப்புப் பையன்களுக்கு மறுநாள் முதல் வாரக் கடைசி வரை பாடம் கிடையாது, எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய்ப் பெரியவர்களோடு சேர்ந்து மண் சுமக்க வேண்டும் என்று அறிவித்தார். பையன்கள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. நாட்டுக்குச் சேவை செய்கிற ஆர்வம் என்று பெரிய சார் நினைத்துக்கொண்டார். அந்த வாரம் கணக்குப் பரீட்சை இருந்தது என்பதை அவர் மறந்துவிட்டார்.

பெண் பிள்ளைகளுக்கு வகுப்பில் தக்ளியில் நூல் நூற்கும் சேவை. மதியம் பையன்களுக்கு நீர்மோர் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை.

இடைவேளையில் நான் அவர் அறைக்குப் போனேன். மற்ற மூன்று பேரும் வாசலோடு நின்றுவிட்டார்கள். எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லி, எனக்கும் கரைக்குப் போக லீவு வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அது போய், முகம் வாடிவிட்டது.

"ஒன்ன மண்ணு சொமக்க அனுப்புனேன்னு தெரிஞ்சா அந்த மூணு பேரயும் நாளைக்கே வூட்டுல நிறுத்திடுவாங்க. ஒவ்வொரு வூடா நடந்து, கெஞ்சிக் கூட்டியாந்த பிள்ளைங்க. எனக்கு நாலு பேரும் வேணும்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. "எங்க முறை போயிட்டா நாலு பேர்ல ஒருத்தி எப்படியும் நின்னுடுவா சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அப்படியெல்லாம் பதில் பேசுகிற பிள்ளை இல்லை நான். அன்றைக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் வகுப்பு வெறிச்சோடிக் கிடந்தது. நான் நூற்ற நூல் பத்து இடத்தில் அறுந்தது. வெயில் ஏறியதும் பெரிய சார் குடையை எடுத்துக்கொண்டார். நாங்கள் ஆளுக்கொரு மோர்க்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தோம். தன் பையன்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தோள் கொடுத்து நிற்கிற காட்சியைப் பார்க்கப் போகிறோம் என்ற பெருமையில் அவர் நடை அன்றைக்குத் துள்ளிக்கொண்டிருந்தது.

கரையில் ஏறிப் பார்த்தால், பையன்கள் இருந்தார்கள். பையன்கள் மட்டும்தான் இருந்தார்கள். படிக்கிற பையன் இல்லாத ஐந்தாறு வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். மற்றபடி மண் சுமக்க ஊரில் மீசை வைத்தவன் ஒருவனையும் அங்கே காணோம்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு பையனும் வீட்டுக்குப் போய், "எனக்கு லீவு, ஏரிக்கு மண்ணு போடப் போறேன்" என்று சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு அப்பனுக்கும் அதே நேரத்தில் அதே யோசனை வந்திருக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும், பையன் போகிறான், அப்புறம் நான் எதற்கு? யாரும் யாரோடும் கூடிப் பேசவில்லை. ஒருவர் கடலைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போய்விட்டார். இன்னொருவர் அரியலூருக்கு மாடு பார்க்கப் போய்விட்டார். எங்கள் ஊர்க்காரர்களின் சாமர்த்தியம் அப்படி. பெரியவர்களோடு சேர்ந்து வேலை செய்யட்டும் என்று பெரிய சார் கொடுத்த லீவு, பெரியவர்களுக்கு லீவாகப் போய்விட்டது.

உள்வாங்கிய இடம் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பையன்கள் அரைக் கூடை மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து, கால் கூடையை வழியிலேயே சிந்திக்கொண்டிருந்தார்கள். பெரிய சாரின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஆள் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. அதை எப்போதும் உச்சி வெயிலில்தான் செய்வார்கள். காலையில் கூப்பிட்டால் குரல் கொடுத்துவிட்டு நழுவிவிடுவார்கள் என்று ஏற்பாடு. நாட்டாண்மை வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார். மதகைத் திறந்து அடைக்கும் மடைக்காரர் வீட்டின் பட்டப்பெயரைச் சொல்லிக் கூவுவார். அந்த வீட்டு ஆள் "இருக்கேன்" என்று குரல் கொடுத்து, ஒரு கூடை மண்ணை உள்வாங்கிய இடத்தில் கொட்ட வேண்டும். கரையில் விழுந்த மண்ணைத் திருப்பி எடுக்கக் கூடாது. அதோடு அந்த வீடு கணக்கில் ஏறிவிடும்; கரை முடியும் வரை அந்த வீட்டு ஆள் வேலையில் நிற்க வேண்டும்.

"புளியமரத்து வூடு!" ஒரு பையன் "இருக்கேன்" என்று போய்க் கொட்டினான். "செக்கடி வூடு!" இன்னொரு பையன். "நாட்டாம வூடு!" என்றதும் ஏழாம் வகுப்பில் படித்த நாட்டாண்மையின் கடைசி மகன் புறப்பட்டான். கூடை அவனைவிடப் பெரிசு. அதற்குப் பின்னால் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நாட்டாண்மை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"கிளிஞ்சக்கல்லு வூடு!"

அது எங்கள் வீடு. எங்கள் பக்கத்து ஓடைகளில் கடல் கிளிஞ்சல் பதிந்த கற்கள் கிடைக்கும். கடலே இல்லாத ஊரில் கிளிஞ்சல் எப்படி வந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பா அப்படி ஒரு கல்லைத் தூக்கிவந்து வாசற்படியாகப் போட்டிருந்தார். அதிலிருந்து வீட்டுக்கு அந்தப் பெயர்.

"அவுங்களுக்கும் சேத்து நான் போடறேன்" என்று சித்தப்பா கூடையோடு நகர்ந்தார்.

நான் மோர்க்குடத்தைக் கீழே வைத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். பக்கத்தில் நின்ற பையன் கையிலிருந்த கூடையைப் பிடுங்கினேன். "இருக்கேன்!" என்று கத்தினேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. சித்தப்பாவுக்கு முன்னால் ஓடிப்போய் மண்ணைக் கொட்டிவிட்டேன்.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நாட்டாண்மை எழுந்து வந்துவிட்டார்.

"ஏ புள்ள, வயசுக்கு வந்த பொண்ணு கர மேல ஏறி மண்ணு போட்டா சாமி பொறுக்குமா?" என்றார். கரைக்குக் காவலாக ஐயனார் கோயில் ஒன்று அங்கே இருந்தது.

எனக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வாய் வந்ததோ! "நாங்க மோரு கொண்டாந்தப்ப பொறுத்துக்கிட்ட சாமி, மண்ணு கொண்டாந்தா மட்டும் கோச்சுக்குமாங்க?" என்றேன். நாட்டாண்மை அப்போதுதான் எங்கள் குடத்திலிருந்து இரண்டு செம்பு மோர் குடித்து முடித்திருந்தார். பையன்கள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நாட்டாண்மை என்னோடு மல்லுக்கட்டவில்லை. புத்திசாலி மனிதர். நேரே பெரிய சாரிடம் திரும்பினார். "வாத்தியாரய்யா, இது ஒங்க பள்ளிக்கூடத்துப் புள்ள. இதுக்கு லீவு குடுத்திருக்கீங்களா? குடுத்திருந்தா வூட்டு ஆளு. குடுக்கலன்னா இது மோரு ஊத்த வந்த புள்ள, அவ்வளவுதான். நீங்களே சொல்லிடுங்க."

முந்தின நாள் 'முடியாது' என்று சொன்ன மனிதரின் வாயில் வந்து நிற்கிறது எங்கள் நிலம். சித்தப்பா கூடையைக் கீழே வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று பெண்களும் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

பெரிய சார் என்னைப் பார்க்கவில்லை. பையன்களைப் பார்த்தார். மண்ணும் வியர்வையுமாக நின்ற அந்தச் சின்ன உருவங்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். பிறகு குடையைத் தரையில் ஊன்றினார்.

"நாட்டாமை, இந்தப் பசங்களுக்கு நான் லீவு குடுத்தது ஒங்களோட சேர்ந்து வேல செய்ய. ஒங்களுக்குப் பதிலா வேல செய்ய இல்ல. இந்தப் பொடிசுங்க எல்லாம் வூட்டு ஆளுன்னு நீங்க ஒத்துக்கிட்டா, அந்தப் பொண்ணும் வூட்டு ஆளுதான். அது இல்லைன்னா இவங்க ஒருத்தனும் இல்ல. இப்பவே எல்லாரயும் வகுப்புக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன். ஐப்பசி மழைய நீங்க வேப்பமரத்தடியில ஒக்காந்து பாத்துக்குங்க."

அவர் குரல் உயர்ந்து நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு உயரவே இல்லை.

நாட்டாண்மை தன் கடைசி மகனைப் பார்த்தார். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். என்னைச் செல்லாது என்று சொன்னால் அவனும் செல்லாது. அவர் வீட்டுத் தண்ணீர் முறையும் செல்லாது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு தமுக்கடிக்கிறவரைக் கூப்பிட்டு, ஆம்பிளைகள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் போய்க் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். தானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "விழுந்த மண்ணு விழுந்ததுதான். நில்லு" என்றார்.

வெயில் தணிவதற்குள் அப்பன்மார்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். களைக் கொத்தோடு வந்தவர் களைக் கொத்தோடு நின்றார். அரியலூருக்குப் போனவர் மட்டும் மறுநாள் வந்து எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆள் வந்ததும் பெரிய சார் பையன்களை வரிசையில் நிறுத்திவிட்டார். ஊர் ஏமாற்றியதில் அவருக்கு அடிபட்டிருந்தது. கொடுத்த லீவு ரத்து, நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்றார். பையன்களின் முகங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

"நீ எங்க வர்ற?" என்றார் பெரிய சார். "ஒங்க வூட்டு ஆளு யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப இங்க நில்லு. கர முடியற வரைக்கும் ஒனக்கு லீவு."

"அவளுக்கு மட்டுமா சார்?" என்று ஒரு பையன் அழாத குறையாகக் கேட்டான். கேட்டவனுக்குக் குடையின் முனை பதில் சொன்னது. முந்தின நாள் எல்லோருக்கும் லீவு, எனக்கு இல்லை. இப்போது எனக்கு லீவு, வேறு ஒருவருக்கும் இல்லை. அந்தக் கரையில் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, அந்த மாதிரி ஒன்று வரவில்லை.

சந்தோஷம் அன்றைக்குச் சாயங்காலமே கையில் கொப்புளமாக வந்துவிட்டது என்பது வேறு விஷயம். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். ஏரிக்குள்ளிருந்து வெட்டிய மண் கை மாறிக் கை மாறிக் கரைக்கு ஏறும். மேலே நாலு பேர் திமிசுக் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். வரிசையில் எனக்குக் கீழே நின்றவர் செக்கடி வீட்டுக்காரர். முதல் நாள் ஒரு பெண் பிள்ளையின் கையில் நேராகக் கொடுக்கக் கூசி, கூடையைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். நான் குனிந்து எடுக்க வேண்டும். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்னவோ, "இந்தாம்மா, பிடி" என்று கையில் கொடுக்க ஆரம்பித்தார். அப்புறம் வேலை முடியும் வரை கையில்தான்.

அம்மா ராத்திரிச் சோற்றை ஊட்டிவிடுவார். என் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவிவிடுவார். ஒரே ஒரு தடவை, "பென்சில் பிடிக்க முடியுமாடி?" என்று கேட்டார். நான் பிடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

கடைசி நாள்தான் சோதனை. உள்வாங்கிய இடம் நிரம்பி, மேல்வரிசை மட்டும் பாக்கி. முடிக்கும்போது மறுபடியும் ஒரு தடவை வீடு வீடாகக் கூப்பிட்டு ஆளுக்கொரு கூடை கொட்டச் சொல்வது வழக்கம். அன்று காலையில் தூறல் போட்டு வழி முழுக்க வழுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டைக் கூப்பிட்டதும் முழுக் கூடையோடு ஏறினேன். பாதி ஏற்றத்தில் கால் வழுக்கி முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். கூடை சாய்வதற்குள் ஒரு கை வந்து விளிம்பைப் பிடித்தது. சித்தப்பாவின் கை.

"குடு. நான் கொட்டிடறேன்" என்றார். குரலில் பரிவு இருந்தது. உண்மையான பரிவாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அவர் கொட்டினால் அது அவர் மண்.

"விடுங்க சித்தப்பா. அது எங்க வூட்டு மண்ணு."

அவர் உடனே விடவில்லை. நானும் விடவில்லை. முழங்காலிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கரையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா என் முகத்தையே பார்த்தார். என்ன தெரிந்ததோ அவருக்கு, கையை எடுத்துக்கொண்டார். "அண்ணன் மாதிரியே பேசுது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் முழங்காலாலேயே இரண்டு எட்டு ஏறி, எழுந்து நின்று, கொட்டினேன். மடைக்காரர் அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.

அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஊரே தலையில் ஓலைக் குடலை போட்டுக்கொண்டு கரையில் காவல் நின்றது. கணவனை இழந்தவள், வயசுப் பெண் என்று யாரையும் யாரும் விரட்டவில்லை. விரட்ட நேரமும் இல்லை. மிச்சத் தண்ணீரை வெளியேற்றும் கலங்கில் வெள்ளம் வழிந்து ஓடியது. கரை அசையவில்லை.

கார்த்திகையில் முறைத் தண்ணீர் திறந்தார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியாக எங்கள் வாய்க்கால் தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா வரப்பில் தனியாக நின்றது தெரிந்தது. "கிளிஞ்சக்கல்லு வூடு... தண்ணி!" என்று மடைக்காரர் கூவியது வகுப்பு வரைக்கும் கேட்டது. அதற்குப் பின்னால் அம்மாவின் குரலும் கேட்டது. அப்பா போன பிறகு வீட்டுக்குள்ளேயே குரலை அடக்கிப் பேசிய அம்மா, அத்தனை பேர் நடுவில் "இருக்கோம்!" என்று சத்தமாகச் சொன்னார். நான் நோட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பெரிய சார் தொண்டையைச் செருமினார், திட்டவில்லை.

அவர் பயந்தது கொஞ்சம் நடக்கவும் செய்தது. எங்கள் நாலு பேரில் ஒருத்தியை அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். என்னால்தான் என்று சிலர் சொன்னார்கள். அவளுக்கு ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். மற்ற இருவரும் என்னோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். சித்தப்பா அடுத்த வருஷமும் வந்து, "அண்ணி, இந்தத் தடவ நான்..." என்று ஆரம்பித்தார். அம்மா என்னைக் கூப்பிட்டார். சித்தப்பா சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, பல ஊர்களில் வேலை பார்த்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றேன். மரம் நட, ஊர்வலம் போக, பெரிய மனிதர்கள் வரும் வழியில் வெயிலில் நின்று கொடி ஆட்ட என்று பிள்ளைகளை அனுப்பச் சொல்லி என்னிடமும் எத்தனையோ பேர் கேட்டு வந்தார்கள். "பெரியவங்க எத்தன பேர் வர்றீங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்கு மழுப்பினால் ஒரு பிள்ளையையும் அனுப்ப மாட்டேன். திமிர் பிடித்தவள் என்று பெயரும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை தானாக வந்து, "எங்க வீட்டுக்கு நான்தான் டீச்சர் போகணும்" என்று சொன்னால், மறு கேள்வி கேட்காமல் லீவு கொடுத்துவிடுவேன்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. போன தேர்தலில் நான் ஓட்டுப் போடக் கிளம்பியபோது, "இந்த வெயில்ல நீங்க எதுக்கு ஆயா, நாங்கதான் போறோமே" என்றான் பேரன். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் தெருவில் இறங்கிவிட்டேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் வேறு யாரோ பதில் சொல்வதை என்னால் அன்றைக்கும் பொறுக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியாது.